காற்றினால்: பன்னாட்டுப் பள்ளிகளில் கற்பித்தலும் கற்றலும்

பாங்காக்கில் ஒரு பன்னாட்டுப் பள்ளியில் படிக்கும் என் மகள், ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் அறிவியல் தேர்வுத்தாளைக் கையெழுத்து வாங்குவதற்காகக் கொண்டுவந்தாள். கொடியில் போட்ட ஈரத்துணி காற்று வீசும் நாளில் ஏன் விரைவாக உலர்கிறது, விளக்குக என்பது ஒரு கேள்வி. நான்கு மதிப்பெண். அவள் எழுதியிருந்தது மூன்றே சொற்கள்: 'பிகாஸ் ஆஃப் விண்ட்'. காற்றினால்! ஆசிரியர் ஒரு மதிப்பெண் கொடுத்து, பக்கத்தில் 'இன்னும் விளக்கு' என்று எழுதியிருந்தார்.

அன்று மாலை திருநெல்வேலியிலிருந்து என் அம்மா தொலைபேசியில் பேசினார்கள். மூன்று நாளாக மழை மூட்டம், துணி காயவே மாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொண்டார்கள். மகள் குறுக்கிட்டாள். "ஆச்சி, வெயில் இல்லாட்டியும் பரவால்ல, காத்தடிக்கிற பக்கமாப் போடுங்க. துணியிலேருந்து தண்ணி ஆவியாகி வெளிய வருதுல்லா, அது துணிகிட்டயே நின்னுக்கிட்டா அடுத்து வர்ற தண்ணிக்கு எடமில்ல. காத்து அதத் தள்ளிட்டுப் போயிரும். அப்பதான் இன்னும் வரும்."

நான்கு மதிப்பெண்ணுக்கும் உரிய பதில் இதுதான். அவளுக்கு அறிவியல் தெரியும். ஆங்கிலமும் தெரியும், வாய் ஓயாமல் தோழிகளோடு பேசுகிறாள். அப்படியிருந்தும் தாளில் ஏன் மூன்று சொற்களோடு நின்றுவிட்டாள்? இந்தக் கேள்விதான் என்னைக் கல்வியியல் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. நான் கல்வியாளன் அல்லன். மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் ஒரு நிரல் தவறான விடை தரும்போது தவறு எந்த வரியில் இருக்கிறது என்று தேடுவது எங்கள் தொழில். அந்தப் பழக்கத்தில் படித்ததையும், பள்ளியில் பார்த்ததையும் இங்கே தொகுத்திருக்கிறேன். வெளிநாடுகளில் பிள்ளைகளை இத்தகைய பள்ளிகளில் சேர்த்திருப்பவர்களுக்கு உதவக்கூடும்.

பன்னாட்டுப் பள்ளி என்பது என்ன?

முதல் உலகப்போருக்குப் பின் ஜெனீவாவில் சர்வதேச சங்கமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் இயங்கத் தொடங்கின. அங்கே பணியாற்ற வந்த பல நாட்டு அலுவலர்களின் பிள்ளைகளுக்காக 1924இல் ஜெனீவா பன்னாட்டுப் பள்ளி உருவானது. அதே ஆண்டில் ஜப்பானின் யோகோஹாமாவிலும் ஒரு பன்னாட்டுப் பள்ளி தொடங்கியது. கர்ட் ஹான் என்ற ஜெர்மானியக் கல்வியாளரின் எண்ணத்தில் பிறந்த அட்லாண்டிக் கல்லூரி, 1962இல் வேல்ஸில் பல நாட்டு மாணவர்களை ஒரே வளாகத்தில் சேர்த்தது.

இப்பள்ளிகளுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. அப்பாவுக்கு மாற்றல் வந்தால் பிள்ளை வேறு நாட்டுக்குப் போகவேண்டும். பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு நாடு. எந்த நாட்டுத் தேர்வை எழுதுவது? இதற்கு விடையாக 1968இல் ஜெனீவாவில் இண்டர்நேஷனல் பேக்கலோரியேட் அமைப்பு, சுருக்கமாக ஐ.பி., தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைமை இயக்குநர் அலெக் பீட்டர்சன். பள்ளி இறுதி இரண்டாண்டுகளுக்கான டிப்ளமோ படிப்பில் ஆறு பாடங்கள். அவற்றோடு அறிவைப் பற்றிய ஒரு தனிப்பாடம், 4000 சொற்கள் வரை நீளும் ஓர் ஆய்வுக் கட்டுரை, கலை, உடல் உழைப்பு, தொண்டு ஆகியவை சேர்ந்த ஒரு பகுதி. மொத்தம் 45 புள்ளிகள். நடுநிலை வகுப்புகளுக்கான திட்டம் 1994இலும் தொடக்க வகுப்புகளுக்கானது 1997இலும் வந்தன. கேம்பிரிட்ஜ் நடத்தும் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வு 1988இல் தொடங்கியது. இன்று பெரும்பாலான பன்னாட்டுப் பள்ளிகள் இவ்விரண்டில் ஒன்றையோ, அமெரிக்க, பிரிட்டிஷ் பாடத்திட்டங்களையோ பின்பற்றுகின்றன.

நமக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901இல் கொடைக்கானலில் தொடங்கிய பள்ளிதான் பிற்காலத்தில் கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி ஆனது. இந்தியாவில் ஐ.பி. டிப்ளமோவை முதலில் கற்பித்த பள்ளியும் அதுவே. பெற்றோரின் ஊரும் இல்லாமல், வாழும் ஊரும் முழுக்கச் சொந்தமாகாமல் வளரும் பிள்ளைகளை 'மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்' என்று அழைப்பார்கள். அந்தப் பெயரைத் தந்த சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம், 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கர்களை ஆராய்ந்தபோதுதான் அதைக் கண்டடைந்தார். இன்று அந்தச் சொல் பாங்காக்கிலும் துபாயிலும் ஜகார்த்தாவிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்துகிறது.

ஆனால் பள்ளிகளின் முகம் மாறிவிட்டது. தூதரகப் பிள்ளைகளும் நிறுவன அதிகாரிகளின் பிள்ளைகளும் படித்த இடத்தில், இன்று பல நாடுகளில் உள்ளூர்ப் பிள்ளைகளே பெரும்பான்மை. ஆகவே வகுப்பில் இருப்பவர்களில் ஆங்கிலத்தை வீட்டுமொழியாகக் கொண்டவர்கள் சிலரே. பாடத்திட்டமோ, பாடநூலோ, தேர்வோ பெரும்பாலும் ஆங்கிலம் வீட்டுமொழியான பிள்ளையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நீச்சல்குளம், ரோபோ ஆய்வகம், ஆளுக்கொரு மடிக்கணினி என்று பள்ளி விளம்பரங்களில் பார்க்கிறோம். இந்த இடைவெளியைப் பள்ளி எப்படிக் கையாள்கிறது என்பது விளம்பரத்தில் இருப்பதில்லை. கற்றலின் தரம் அங்கேதான் தீர்மானமாகிறது என்பது என் கருத்து.

பேச்சு ஒன்று, பாடம் ஒன்று

கனடாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், 1979இல் ஒரு வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். விளையாட்டுத் திடலிலும் உணவுக்கூடத்திலும் பயன்படும் உரையாடல் மொழி வேறு. பாடம் படிக்கவும் எழுதவும் வேண்டிய கல்வி மொழி வேறு. முதலாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடுகிறது. இரண்டாவதில் உடன்படிக்கும் மற்றப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம்.

உலகில் வேறு யாருக்கும் இதை விளக்கிச் சொல்லவேண்டியிருக்கலாம், தமிழர்களுக்கு வேண்டியதில்லை. 'துணி காஞ்சுபோச்சு' என்பதும் 'துணியிலுள்ள ஈரம் ஆவியாகி உலர்ந்தது' என்பதும் நமக்கு இரு வேறு மொழிகள் போலத்தான். வீட்டில் முதல் தமிழைப் பேசிய பிள்ளை பள்ளியில் இரண்டாவது தமிழைக் கற்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்வதை நாம் இயல்பாக ஏற்கிறோம். தெருவில் நன்றாகப் பேசுகிறானே, கட்டுரை ஏன் வரவில்லை என்று தமிழாசிரியர் வியப்பதில்லை. ஆங்கிலத்திலும் அதே இரட்டை வழக்கு உண்டு என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். அங்கே வேறுபாடு ஒலியில் குறைவு, வாக்கிய அமைப்பில் அதிகம். 'தண்ணீர் ஆவியாகிறது' என்பது பாடநூலில் 'ஆவியாதலின் வேகம் காற்றோட்டத்தைச் சார்ந்தது' என்று ஆகிவிடும். வினை பெயராகும், செய்பவர் மறைவார், 'அதனால்', 'ஆயினும்', 'எந்த அளவுக்கு' போன்ற இணைப்புகள் வாக்கியத்தைத் தாங்கும்.

பன்னாட்டுப் பள்ளியில் இது ஏன் கண்ணில் படாமல் போகிறது என்பது இப்போது விளங்கும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலத் துணை வகுப்பு நடக்கிறது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் பிள்ளை சரளமாகப் பேசுகிறது. 'இனித் தேவையில்லை' என்று துணை வகுப்பிலிருந்து விடுவிக்கிறார்கள், பெற்றோரும் மகிழ்கிறோம். ஆனால் கல்வி மொழிக்கான பயணத்தில் இன்னும் நான்கைந்து ஆண்டு பாக்கி. அடுத்து வரும் மந்தத்துக்குப் பிள்ளையின் கவனக்குறைவு, சோம்பல், சில சமயம் அறிவுக்குறைவு என்று பெயர் வைக்கிறோம். என் மகளின் தாளைப் பார்த்தபோது நானும் 'எழுதச் சோம்பல்' என்றுதான் சொன்னேன்.

வகுப்பறையில் என்ன மாறவேண்டும்?

முதலாவது, மொழி எல்லா ஆசிரியர்களின் பொறுப்பும் ஆகவேண்டும். அறிவியல் ஆசிரியர் அறிவியலை மட்டும் கற்பித்து, மொழியை ஆங்கில ஆசிரியரிடம் விட்டுவிட முடியாது. ஆவியாதல் பாடத்தில் புதிய கலைச்சொற்கள் ஐந்தாறுதான். அவற்றை எல்லா ஆசிரியர்களும் கரும்பலகையில் எழுதிப்போடுகிறார்கள். பிள்ளை தடுமாறுவது அந்தச் சொற்களில் அல்ல, அவற்றை இணைக்கும் வாக்கியங்களில். 'காற்று … அகற்றுவதால், … தொடர்ந்து …' என்பது போன்ற ஒரு சட்டகத்தைக் கொடுத்து வாயால் சொல்லவைத்து, பிறகு எழுதவைத்து, பிள்ளைக்குப் பழகியபின் சட்டகத்தை எடுத்துவிடலாம். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதைப் போன்ற வேலை. சாரத்தை எப்போதும் நிற்கவிடக்கூடாது. கட்டாமலே சுவரெழுப்பச் சொல்வதும் தவறு.

இரண்டாவது, காத்திருத்தல். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர், பதிலுக்காகச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றினார், இன்னொரு பிள்ளையைக் கேட்டார், அல்லது தாமே பதில் சொன்னார். அந்த இடைவெளியை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன. பதிலில்லாத மௌனம் குறைந்தது. அதுவரை வாய்திறக்காத பிள்ளைகளும் பேசினர். ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத பிள்ளைக்கு இதன் முக்கியத்துவத்தை யோசித்துப் பாருங்கள். கேள்வியைப் புரிந்துகொண்டு, தன் மொழியில் நினைத்து, ஆங்கிலத்தில் வாக்கியம் கட்டவேண்டும். ஒரு விநாடியில் கை தூக்குபவை எப்போதும் அதே மூன்று, நான்கு கைகள்தான். காத்திருப்பதற்குக் காசு செலவில்லை. ஆனால் மிகக் கடினம். வகுப்பில் மூன்று விநாடி மௌனம் மிக நீளமாகத் தெரியும் என்று ஆசிரிய நண்பர்கள் சொல்கிறார்கள். முதலில் பக்கத்துப் பிள்ளையோடு அரை நிமிடம் பேசிவிட்டுப் பிறகு வகுப்புக்குச் சொல்லவைப்பது இதற்கு ஓர் எளிய வழி.

மூன்றாவது, திருத்துதல். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. மாணவர்களை மூன்று வகையாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்குச் செய்த வேலையைப் பற்றிய குறிப்பு மட்டும்; இன்னொன்றுக்கு மதிப்பெண் மட்டும்; மூன்றாவதுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். மதிப்பெண் மட்டும் பெற்றவர்கள் முன்னேறவில்லை. வியப்பு என்னவென்றால், இரண்டையும் பெற்றவர்களும் முன்னேறவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்ததும் குறிப்பின் மேல் கவனம் போய்விடுகிறது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். நம் அனுபவத்தோடு அது ஒத்துப்போகிறது.

பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் 1998இல் இத்தகைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி, படிக்கும்போதே நடக்கும் மதிப்பீடுதான் கற்றலை உயர்த்த வல்லது என்று வாதிட்டார்கள். தமிழ்நாட்டில் இதற்கு 'வளரறி மதிப்பீடு' என்று பெயர். முடிவில் நடப்பது 'தொகுத்தறி மதிப்பீடு'. 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது முன்னதற்கு 40, பின்னதற்கு 60 என்று மதிப்பெண் பிரித்தார்கள். அந்த நாற்பது மதிப்பெண்தான் சிக்கல். வளரறி மதிப்பீட்டுக்கு மதிப்பெண் கொடுத்த உடனேயே அது சிறிய அளவிலான தொகுத்தறி மதிப்பீடாகிவிடுகிறது. செய்முறைத் தாள்கள் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. பன்னாட்டுப் பள்ளிகளும் இதே பொறியில் வேறு உடையில் விழுகின்றன. இணையத்தில் பெற்றோர் பார்க்கும் பதிவேட்டில் வாரந்தோறும் எண்கள் ஏறுகின்றன. பிள்ளை அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது அதில் இல்லை.

மென்பொருளில் பிழையை எழுதும்போதே கண்டுபிடித்தால் சில நிமிட வேலை. வாடிக்கையாளர் கைக்குப் போனபின் கண்டுபிடித்தால் சில வார வேலை. ஆகவே பிழை கண்டுபிடிப்பவரை நாங்கள் எதிரியாகக் கருதுவதில்லை. வகுப்பறையிலும் அப்படித்தான் இருக்கவேண்டும். 'இன்னும் விளக்கு' என்பது குறிப்பு அல்ல. 'நிரல் ஓடவில்லை' என்று மட்டும் சொல்வதைப் போன்றது. எப்படி விளக்குவது என்று தெரிந்திருந்தால் பிள்ளை முதலிலேயே விளக்கியிருக்கும். 'துணியிலிருந்து வெளியே வந்த நீராவிக்குப் பிறகு என்ன ஆகிறது? அதை அடுத்த வாக்கியமாக எழுது' என்பது குறிப்பு. பிள்ளை அதைப் படித்ததும் பேனாவை எடுக்க முடியும்.

நான்காவது, நினைவுகூர்தல். அமெரிக்காவில் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் செய்த சோதனையில், ஒரு பாடப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஆனால் ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப்பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அவர்களை முந்தினார்கள். பன்னாட்டுப் பள்ளிகள் மனப்பாடத்தை வெறுக்கின்றன. திட்டப்பணி, குழுவேலை, சுவரொட்டி என்று ஆண்டு நகர்கிறது. அவை நல்லவையே. ஆனால் போன மாதம் படித்ததை இன்று ஐந்து நிமிடம் நினைவுகூரச் செய்வது மனப்பாடம் அல்ல. திட்டப்பணி முடிந்த மறுவாரமே பிள்ளைக்கு அதில் ஒன்றும் மிஞ்சியிருப்பதில்லை என்று குறைப்படும் பெற்றோர் பலர். மதிப்பெண் இல்லாத சிறு கேள்விகள் அந்தக் குறையைத் தீர்க்கும்.

வீட்டு மொழி

பள்ளியில் சேர்த்த நாளில் எங்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை, 'வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள்' என்பது. நல்லெண்ணத்தில் சொன்னார்கள். நாங்களும் பாதி கடைப்பிடித்தோம். அடுப்படியில் தமிழ், வீட்டுப்பாடத்தில் ஆங்கிலம் என்று ஆனது. தொலைபேசியில் ஆச்சியோடு பேசும் தமிழ் மட்டும் முழுதாக நின்றது. ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாது என்பதே காரணம்.

கம்மின்ஸ் இந்த அறிவுரைக்கு நேர் எதிரான கருத்தை முன்வைக்கிறார். ஒரு மொழியில் பெற்ற அறிவு இன்னொரு மொழிக்கு மாறக்கூடியது. காரணம் காட்டுதல், வரிசைப்படுத்துதல், ஒப்பிடுதல் ஆகியவற்றைத் தமிழில் பழகிய பிள்ளை ஆங்கிலத்தில் அவற்றைப் புதிதாகக் கற்கவேண்டியதில்லை. அதற்கான சொற்களை மட்டும் கற்றால் போதும். தமிழை நிறுத்திவிட்டு அரைகுறை ஆங்கிலத்தில் நாம் பேசும்போது பிள்ளை இழப்பது தமிழை மட்டுமல்ல, ஆழமாக உரையாடும் வாய்ப்பையும் இழக்கிறது. துணி ஏன் காய்கிறது என்று என் மகளுக்கு ஆங்கிலத்தில் விளக்க நான் முனைந்திருந்தால், 'காற்றினால்' என்பதோடு நானும் நின்றிருக்கக் கூடும்.

வேல்ஸில் கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1990களில் ஒரு வகுப்பறை முறைக்குப் பெயர் சூட்டினார். ஆங்கிலத்தில் படித்து வெல்ஷில் விவாதிப்பது, வெல்ஷில் படித்து ஆங்கிலத்தில் எழுதுவது என்று திட்டமிட்டு இரு மொழிகளையும் ஒரே பாடத்தில் பயன்படுத்துவதுதான் அது. ஒரு மொழியில் படித்ததை இன்னொரு மொழியில் சொல்லவேண்டுமானால் புரிந்தாகவேண்டும். வாக்கியத்தை அப்படியே பெயர்த்துவைக்க முடியாது. பன்னாட்டுப் பள்ளி வகுப்பில் பத்து மொழிகள் இருக்கும்; ஆசிரியருக்கு அவை தெரியவேண்டியதில்லை. எழுதுவதற்கு முன் யோசனைகளை எந்த மொழியிலும் குறித்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தாலே போதும். கொரியப் பிள்ளைகள் இருவர் ஐந்து நிமிடம் கொரிய மொழியில் விவாதித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்றும் கெட்டுவிடாது.

உயர்வகுப்புகளில் இதற்கு முறையான வழியும் இருக்கிறது. ஐ.பி. டிப்ளமோவில் முதல் பாடத்தொகுதி, மாணவருக்கு மிக நன்றாகத் தெரிந்த மொழியின் இலக்கியத்துக்கு உரியது. பள்ளியில் அந்த மொழிக்கு ஆசிரியர் இல்லாவிட்டாலும், பள்ளியின் துணையோடு மாணவர் தாமே படித்துத் தேர்வெழுதும் ஏற்பாடு உண்டு. தமிழுக்கு அதைக் கேட்கவேண்டுமானால் பதினோராம் வகுப்பில் கேட்டால் காலம் கடந்துவிடும். அதற்குள் பிள்ளையின் தமிழ் கொடியில் துணி காய்வதோடு நின்றுபோயிருக்கும். எட்டு, ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளியிடம் பேசவேண்டும். வீட்டில் அதற்கு முன்பே தொடங்கவேண்டும்.

ஆசிரியர்களும் இடம்பெயர்பவர்களே

மேலே சொன்னவற்றை ஓர் ஆசிரியர் செய்வது அரிதல்ல. ஒரு பள்ளி முழுதும் ஆண்டுக்காண்டு செய்வதுதான் அரிது. பன்னாட்டுப் பள்ளி ஆசிரியர்களில் பலர் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வருகிறார்கள். முடிந்ததும் வேறு நாடு. ஒரு பிள்ளைக்கு எந்த வாக்கியம் வரவில்லை என்று ஆசிரியர் கண்டுபிடிப்பதற்குள் ஓராண்டு போய்விடும். அவர் போகும்போது அந்த அறிவும் விமானம் ஏறிவிடும். அடுத்தவருக்குக் கிடைப்பது மதிப்பெண் பட்டியல்.

எங்கள் தொழிலிலும் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். அதனால் விலகிப் போகிறவர் ஒப்படைப்புக் குறிப்பு எழுதவேண்டும் என்பது விதி. பள்ளியிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப்பக்கம் போதும்: எந்த மொழியில் யோசிக்கிறது, என்ன எழுத வருகிறது, எங்கே நிற்கிறது, எது உதவியது.

ஜப்பானிய ஆசிரியர்களிடம் நீண்டகாலமாக உள்ள பாட ஆய்வு முறையும் இங்கே பயன்படும். சில ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் வகுப்பின் பின்னால் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிறகு உட்கார்ந்து, பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்று பேசிப் பாடத்தைத் திருத்துவார்கள். மதிப்பிடப்படுவது பாடமே தவிர ஆசிரியர் அல்லர். ஒருவர் எழுதிய நிரலை மற்றவர்கள் படித்துப் பார்க்கும் எங்கள் வழக்கம் போன்றது இது. ஆசிரியர் ஒருவர் போனாலும் திருத்திய பாடம் பள்ளியிலேயே தங்கும்.

இவற்றுக்கெல்லாம் நேரம் வேண்டும் என்ற மறுப்பு நியாயமானது. சட்டகம் கொடுத்து, காத்திருந்து, குறிப்பெழுதி, பிள்ளை அதைப் படித்துத் திருத்தி எழுதவும் வகுப்பிலேயே நேரம் ஒதுக்கினால் பாடத்திட்டம் முடியாது. ஏதாவது ஒன்றைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். வாரம் மூன்று பணிகளுக்கு எண் போடுவதை விட்டு ஒரே பணிக்குக் குறிப்பெழுதலாம். அப்போது ஆசிரியரைத் தடுப்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர்களே. கட்டணம் கட்டுகிறோம், எண் எங்கே என்று கேட்கிறோம்.

பெற்றோர் கேட்கவேண்டியவை

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஆசிரியரைச் சந்திக்கும்போதும் இவற்றைக் கேட்கலாம்:

ஆங்கிலத் துணை வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையை எதன் அடிப்படையில் விடுவிக்கிறீர்கள்? பேச்சைப் பார்த்தா, எழுத்தைப் பார்த்தா? விடுவித்தபின் யார் கவனிக்கிறார்கள்?

அறிவியல், கணித ஆசிரியர்களுக்கு மொழி பற்றிய பயிற்சி உண்டா?

திருத்திய தாளைப் பிள்ளை மறுபடி எழுத வகுப்பில் நேரம் உண்டா?

வீட்டு மொழி பற்றி பள்ளியின் கொள்கை என்ன? எழுத்தில் இருக்கிறதா?

ஆசிரியர் மாறும்போது அடுத்தவருக்கு என்ன போய்ச்சேருகிறது?

நீச்சல்குளத்தின் நீளத்தைவிட இந்தப் பதில்கள் பயனுள்ளவை. சில பள்ளிகள் தெளிவாகப் பதில் சொல்லும். சில பள்ளிகள் சிற்றேட்டை எடுத்து நீட்டும். அதிலிருந்தே ஓரளவு தெரிந்துவிடும்.

ஆறாம் வகுப்பில் என் மகளுக்கு வேறொரு அறிவியல் ஆசிரியை வந்தார். முதல் மாதம் ஒரு தாள் வீட்டுக்கு வந்தது. ஒலி எப்படிப் பரவுகிறது என்பது பாடம். ஓரத்தில் பென்சிலால், 'காத்து ஆடும் → பக்கத்து காத்தை இடிக்கும்' என்று எழுத்துப்பிழைகளோடு தமிழில் குறித்து வைத்திருந்தாள். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஐந்து வரி. முதல் மூன்று வரி சுமார். கடைசி இரண்டும் நன்றாக இருந்தன. ஆசிரியை அவற்றின் கீழ் ஒரு கேள்வி எழுதியிருந்தார். நான் தாளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, "எத்தனை மார்க்?" என்று கேட்டேன்.

"மார்க் போடலப்பா. கேள்வி கேட்டிருக்காங்க," என்றாள். "காத்தே இல்லாத எடத்துல என்ன ஆகும்னு. நான் இன்னும் எழுதல. ஆச்சிகிட்டச் சொல்லிப் பாத்துட்டு எழுதணும்."